ஒரு மணிக்குள் ஒரு பூட்டு

பூட்டுக்காரரின் வலது கையில் இருந்த மெல்லிய கம்பி சாவித்துளைக்குள் நகக்கண் அளவுதான் போனது. இடது கை, முதுகில் கை வைத்து மூச்சுப் பார்க்கிற வைத்தியரைப் போல, கதவின் மேல் விரல் விரித்துக் கிடந்தது. கம்பி வெளியே வந்தது. சட்டைக் கையில் துடைபட்டது. சற்றுச் சாய்ந்து மறுபடி நுழைந்தது. கல்லில் முட்டியது போல நின்றுவிட்டது. நுனியில் மஞ்சளாய் ஒரு துணுக்கு ஒட்டியிருந்தது. தீக்குச்சிகளை உடைத்துத் துளைக்குள் திணித்து, அதன் மேல் பசையை ஊற்றியிருக்கிறார்கள். விரலில் பட்டால் தோலோடு உரித்துக்கொண்டு வருமே, அந்தப் பசை.

"என்ன, பூட்டு பேசுதா?" என்று கேட்டார், வீட்டைக் காலி செய்யும் உத்தரவுக் கோப்போடு, மாடிப்படியில் கைக்குட்டை விரித்து உட்கார்ந்திருந்த கோர்ட்டுக்காரர்.

"பேசுது. புத்திசாலி ஒருத்தன் வந்துட்டுப் போனான்னு சொல்லுது."

பூட்டுக்காரரின் வாயில் புத்திசாலி என்பதைவிடப் பெரிய வசவு கிடையாது. முட்டாளால் ஒரு பூட்டுக்குக் கெடுதல் வராது. தப்பான சாவியைப் போட்டுத் திருகிப் பார்ப்பான், கை வலித்ததும் போய்விடுவான். புத்திசாலிதான் எண்ணெய் ஊற்றுவான், ஊசியை விட்டு உடைப்பான், தீக்குச்சி திணிப்பான். அப்புறம் ஆள் அனுப்புவான்.

மணி பத்து ஐம்பது. மூன்று மாடிக் கட்டடத்தின் இரண்டாம் மாடி நடை அது. கதவுக்கு அந்தப் பக்கம் இரண்டு அறைகளில், ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் துணி மடிக்கிற ஒரு பெண்ணும், இடுப்புக்குக் கீழே செயலிழந்துபோன அவளுடைய அப்பாவும் இருந்தார்கள். அப்பா நாற்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். வாடகையில் ஒரு நாள் தவறியதில்லை. ஆனாலும் வீட்டுக்காரர் வழக்குப் போட்டு ஜெயித்துவிட்டார். சொந்த உபயோகத்துக்கு வேண்டுமாம். சொந்த உபயோகம் என்பது வீட்டுக்காரரின் மாப்பிள்ளை. அவர் இந்த மாடியில் உடற்பயிற்சிக் கூடம் வைக்கப்போகிறார். இப்போது நடையின் கோடியில் நின்று, நெஞ்சை நிமிர்த்தியபடி போனில் யாருக்கோ கண்ணாடிகளின் அளவு சொல்லிக்கொண்டிருந்தார். தூக்கிக் காட்ட வேண்டிய எடை அத்தனையையும் உடம்பிலேயே வைத்திருந்தார்.

நீதிமன்ற உத்தரவோடு வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்து கொடுப்பது, பழைய பூட்டைக் கழற்றிப் புதியதைப் பொருத்துவது, சாவியை ஒப்படைப்பது. இதுதான் பூட்டுக்காரரின் வேலையில் பாதி. மீதிப் பாதி, சாவியைத் தொலைத்தவர்கள். இரண்டாவது வகையினர் அவரைத் தெய்வம் என்பார்கள், கூலி கேட்கும்வரை. முதல் வகையினர் என்ன சொல்வார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு வகையினர் மேலும் அவருக்கு ஒரே மதிப்புதான். வாசலுக்கு ஆளுயர இரும்புக் கதவு போட்டு, அதில் தகர டப்பாவை நசுக்கினாற்போல ஒரு பூட்டைத் தொங்கவிடுகிற ஜனங்களிடம் எதை எதிர்பார்ப்பது?

தொழிலை அவருக்கு யாரும் கற்றுத் தரவில்லை. பழைய இரும்புக் கடையில் எடைக்கு வந்த செத்த பூட்டுகளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தே படித்தார். வேலை பழகிய காலத்தில் ஒரு பூட்டுக்கு ஒரு வாரம் ஆகும். இப்போது எந்தப் பூட்டானாலும் கால் மணி நேரம். கோர்ட்டுக்காரர்கள் கையில் உத்தரவு வந்தால் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வேகமான ஆள் என்று பேர். அந்த வேகத்துக்காகத்தான் தெருவெல்லாம் அவரைக் கரித்துக்கொட்டியது. "பாவம், குடும்பம் தெருவுக்கு வருதே, கொஞ்சம் ஆற அமரச் செய்யக் கூடாதா? பசிச்ச நாய் மாதிரி பாயறான் பாரு" என்று காதுபடவே சொல்வார்கள். வீட்டில் மனைவியும் கேட்பாள், சாப்பாடு போட்டுக்கொண்டே: "இன்னைக்கு யாரை?" அவ்வளவுதான் கேட்பாள். அவரும் தெருப் பெயரை மட்டும் சொல்வார்.

ஆற அமரச் செய்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். ஒரே ஒரு முறை செய்து பார்த்திருக்கிறார்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், தையல்காரி ஒருத்தி, இரண்டு பெண் குழந்தைகள். அவருக்கு அன்று என்னவோ மனசு இளகியது. கால் மணி வேலையை நான்கு மணிவரை இழுத்தார். இரண்டு திருகாணியைக் கீழே போட்டுத் தேடுகிற மாதிரி தேடினார். கூடி நின்றவர்களெல்லாம் நல்ல மனுஷன் என்றார்கள். தையல்காரி கும்பிட்டாள். நான்கு மணிக்குக் கதவை மூடிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாளும் அதற்கடுத்த நாளும் பஸ் நிலையத்தில் அந்த மூன்று பேரையும் தையல் இயந்திரத்தோடு பார்த்தார். பதினொரு நாள் பார்த்தார். பன்னிரண்டாம் நாள் போய்க் கேட்டபோதுதான் அவள் சொன்னாள்.

ஊருக்கு நடுவே நலத்துறை அலுவலகம் ஒன்று இருக்கிறது. வீடிழந்தவர்களுக்கு உடனடியாக ஓர் அறை கொடுப்பார்கள். மூன்று மாதம் இருக்கலாம். அதற்குள் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும். நல்ல திட்டம்தான். வாசலில் "அவசர உதவிப் பிரிவு" என்று ஆள் நீளத்துக்குப் பலகை. கீழேயே, நேரம் பத்து முதல் ஒன்று வரை. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை, ஞாயிற்றுக்கிழமையில் எவனுக்கும் அவசரம் வராது என்று மேலிடத்தில் முடிவு செய்திருக்கிறார்கள். வீட்டில் இருக்கும்போது போய்க் கேட்டால், இன்னும் வீட்டில்தானே இருக்கிறீர்கள், வெளியேற்றிய பிறகு வாருங்கள் என்பார்கள். வெளியேற்றப்பட்டதற்குச் சான்று வேண்டும்: கோர்ட்டுக்காரர் கையெழுத்தும் முத்திரையும் வைத்த ஒப்படைப்புத் தாள். அந்தத் தாளில் அன்றைய தேதி இருக்க வேண்டும். நேற்றைய தேதி இருந்தால், ஒரு ராத்திரியை எங்கேயோ கழித்திருக்கிறீர்கள், ஆகவே உங்களுக்குப் போக இடம் இருக்கிறது, இது அவசரம் இல்லை, அந்த வரிசைக்குப் போங்கள் என்பார்கள். அந்த வரிசை எட்டு மாத நீளம்.

தையல்காரி தாளோடு போனது மறுநாள் காலை பத்து மணிக்கு. இவருடைய இளகிய மனசு கொடுத்த தேதி அதில் இருந்தது.

அன்றிலிருந்து பூட்டுக்காரர் இளகவில்லை. பதினொன்றரைக்குள் கதவு, பன்னிரண்டுக்குள் பூட்டு, கையில் தாள். காரணத்தை யாரிடமும் சொன்னதும் இல்லை. சொல்லிக் கேட்கிற ஜென்மங்களா இவர்கள்? கோர்ட்டுக்காரரே இருபது வருஷமாக அந்தத் தாளில் கையெழுத்துப் போடுகிறார். அதை வாங்கிக்கொண்டு ஜனங்கள் எங்கே போகிறார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. தன்னை இரக்கமுள்ளவர் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தார்.

"ஒட்டிப்போச்சுன்னா விடுங்க, மெதுவாப் பாக்கலாம்," என்றார் இப்போது. "நான் எப்பவும் சொல்றதுதான். பாவம், இன்னும் ரெண்டு மணி நேரம் பழகின வீட்டுக் காத்தைச் சுவாசிச்சுட்டுப் போகட்டுமே."

பூட்டுக்காரர் கதவை ஒட்டியிருந்த கம்பி ஜன்னல் பக்கம் திரும்பினார். "அம்மா, உள்பக்கமிருந்து சாவியைப் போட்டுப் பாருங்க."

உள்ளே அந்தப் பெண் முயன்று பார்த்தாள். இரண்டு பக்கமும் ஒரே துளைதான். லீவர் பூட்டு, பசை உள்ளே இறங்கித் தகடுகளையெல்லாம் சேர்த்துக் கட்டிப்போட்டிருந்தது.

"போகல," என்றாள். குரல் இறங்கியிருந்தது. தாங்களே உள்ளே மாட்டிக்கொண்டோம் என்பது அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

"யோவ், பூட்டுக்காரரே," என்று உள்ளேயிருந்து கண்டக்டரின் குரல் வந்தது. "நாப்பது வருஷம் விசில் ஊதினவன் நான். ஏறச் சொல்லி ஊதியிருக்கேன், எறங்கச் சொல்லி ஊதியிருக்கேன். ஓடற வண்டியில இருந்து எவனையும் தள்ளிவிட்டதில்ல."

"வண்டி எப்பவோ நின்னாச்சு, பெரியவரே. நீங்கதான் எறங்க வழியில்லாம கதவை ஒட்டிவெச்சிருக்கீங்க."

"நான் ஒட்டல. என்னால எழுந்து நிக்கவே முடியாது."

"நான்தான் ஒட்டினேன்." மேலே படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூன்றாம் மாடி வாத்தியார் நின்றிருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வாயிலிருந்து இன்னும் பெறவில்லை. "காலையில ஆறு மணிக்கு ஒட்டினேன். இதுல ஒளிக்க என்ன இருக்கு? அஞ்சு மணி தாண்டிட்டா இன்னைக்கு வெளியேத்த முடியாது. புது உத்தரவு வாங்கணும், குறைஞ்சது பதினஞ்சு நாள். சட்டம் தெரிஞ்சவங்க செய்யற வேலை இது."

"எந்தச் சட்டம்?" என்று கேட்டார் பூட்டுக்காரர்.

"பத்திரிகையில வந்திருந்தது."

கோர்ட்டுக்காரர் கோப்பைப் புரட்டி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். "அது பழைய முறைங்க. இதுல தெளிவாவே இருக்கு. கதவு தொறக்கலன்னா அஞ்சு மணிக்குப் போலீஸ் வந்து உடைக்கும். இன்னைக்கே." கண்ணாடியை இறக்கிவிட்டு, "அதுவரைக்கும் நேரம் இருக்குல்ல, நல்லதுதானே," என்றார்.

பூட்டுக்காரர் பையிலிருந்து துளையிடும் கருவியை எடுத்தார். துளையிடுவது அவருக்குப் பிடிக்காது. பூட்டு தெரியாதவன் செய்கிற வேலை அது. ஆனால் வேறு வழி இல்லை. சாவித்துளைக்கு விரற்கடை மேலே, உள்ளே தாழின் முதுகில் ஒரு சிறு குமிழ் நிற்கும். அதைக் குடைந்து எடுத்துவிட்டால் தாழ் சும்மா கிடக்கும், வளைந்த கம்பியால் நகர்த்திவிடலாம். பத்து நிமிஷ வேலை. ஒயரை நீட்டிக்கொண்டு நடையின் சுவரில் இருந்த பிளக்கைத் தேடிச் சொருகினார். கருவி உறங்கியது.

"இந்த மாடிக்குக் கரண்ட் கிடையாது," என்றார் மாப்பிள்ளை, போனைக் கையால் மூடிக்கொண்டு. "நேத்தே ஃபியூஸைப் பிடுங்கிட்டேன். இருட்டுல கெடந்தா தானா எறங்கிப் போவாங்கன்னு."

"நல்ல யோசனை. இப்ப நானும் இருட்டுல இருக்கேன்."

"போட்டுடலாமே."

"போடுங்க."

மாப்பிள்ளை தலையைச் சொறிந்தார். "ஃபியூஸ் மாமா வீட்டுல இருக்கு. போயிட்டு வர ஒரு மணி நேரம் ஆகும்."

ஒருவன் வெளியே தள்ளுவதற்காகக் கரண்டைப் பிடுங்கினான். இன்னொருவன் உள்ளேயே வைத்திருப்பதற்காகப் பூட்டை அடைத்தான். இரண்டு பேரும் எதிரெதிர் அணி. மூளை மட்டும் ஒரே கடையில் வாங்கியது. நடுவில் ஒரு பெண் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பூட்டுக்காரர் கைத்துளைப்பானை எடுத்து, நெஞ்சை முட்டுக்கொடுத்துச் சுற்றத் தொடங்கினார். கெட்டித் தகடு. ஐந்து நிமிஷம் சுற்றியதில் பளபளப்பாய் ஒரு புள்ளி விழுந்தது, கொசு கடித்த அளவுக்கு. இப்படியே போனால் இரண்டு மணி ஆகிவிடும்.

மணி பதினொன்று பத்து. மேலே பார்த்தார். வாத்தியார் வீட்டில் மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது.

"வாத்தியாரே, உங்க வீட்டுல இருந்து ஒரு ஒயர் விடுங்க."

"இந்த அக்கிரமத்துக்கு என் வீட்டுக் கரண்ட்டா?" என்றார் வாத்தியார். வேடிக்கை பார்க்க நடையில் கூடியிருந்த மற்ற மாடிக் குடித்தனக்காரர்களைச் சுற்றிப் பார்த்தார். "யாரும் தரமாட்டாங்க. தரக் கூடாது." ஒவ்வொருவராக அவரவர் கதவைச் சாத்திக்கொள்கிற சத்தம் வரிசையாகக் கேட்டது. நியாயத்தின் பக்கம் நிற்பதற்கு இவ்வளவு சுலபமான வழி அவர்களுக்கு வாழ்நாளில் கிடைத்ததில்லை.

பூட்டுக்காரர் கைத்துளைப்பானைக் கீழே வைத்தார். பன்னிரண்டு வருஷமாகச் செய்யாத ஒன்றை இன்று செய்தாக வேண்டும். ஜன்னலருகே போய் நின்றார். விளக்கம் சொல்லிப் பழக்கம் இல்லாததால் திட்டுகிற மாதிரிதான் வந்தது.

"நலத்துறை ஆபீசுக்குப் போனீங்களா?"

"போன வாரம் போனேன். இன்னும் வீட்டுலதானே இருக்கீங்க, வெளிய வந்தப்புறம் வாங்கன்னாங்க."

"எத்தனை மணிக்குள்ள வரணும்னு சொன்னாங்களா?"

"இல்ல."

"சொல்ல மாட்டாங்க. ஒரு மணிக்குள்ள. அதுவும் இன்னைக்குத் தேதி போட்ட தாளோட. அஞ்சு மணிக்குப் போலீஸ் வந்து உங்களை எறக்கினா, நாளைக்குக் காலையில இது நேத்துத் தாள். நேத்துத் தாளுக்கு அங்க அறை கிடையாது. உங்க அப்பாவை வெச்சுக்கிட்டு எட்டு மாசம் எங்க இருப்பீங்கன்னு யோசிச்சு வையுங்க."

அவள் அவரையே பார்த்தாள். வெள்ளைத் துணிகளை மடித்து மடித்து விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்த கை, கம்பியை விடவில்லை.

"எங்களை வெளிய தள்ளத்தான் நீங்க வந்திருக்கீங்க. நீங்க சொல்றதை எதுக்கு நான் நம்பணும்?"

"நம்ப வேணாம். ஆபீசுக்குப் போன் பண்ணுங்க."

அவள் பண்ணினாள். போனை ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் நடை முழுவதும் கேட்டது. உங்கள் அவசரம் எங்களுக்கு முக்கியம் என்றது ஒரு பெண்குரல். பிறகு புல்லாங்குழல். மறுபடி முக்கியம் என்றது. ஏழு நிமிஷம் புல்லாங்குழல் வாசித்த பிறகு ஓர் ஆண் எடுத்தான். அவள் கேட்டாள். "ஒரு மணி," என்றான் அவன். "ஒன்னாகி ஒரு நிமிஷம்னாலும் நாங்க பொறுப்பில்ல." வைத்துவிட்டான்.

"டேய் வாத்தி," என்றார் உள்ளேயிருந்து கண்டக்டர். இருவரும் ஒரே வயதுக்காரர்கள். "நீ ஒட்டின பசையில என் பொண்ணோட நேரம் ஒட்டிக்கிட்டு நிக்குது. ஒயரை எறக்கு."

"அவனுங்க சதி பண்றானுங்க. நீ ஏமாந்துடாதே. நான் உனக்காகத்தான்…"

அந்தப் பெண் குறுக்கே பேசினாள். சத்தம் போடவில்லை. "சார், சாயங்காலம் போலீஸ் வந்ததும் அப்பாவை உங்க வீட்டுல படுக்க வெச்சுக்கிறீங்களா? எட்டு மாசம்?"

வாத்தியார் திரும்பித் தன் வீட்டுக்குள் போனார். சற்று நேரத்தில் கைப்பிடி வழியாக ஒரு ஒயர் இறங்கி வந்தது, அவமானப்பட்ட பாம்பைப் போல நெளிந்து நெளிந்து.

பதினொன்று முப்பத்தைந்துக்குத் துளை விழுந்தது. பூட்டுக்காரர் ஒரு முறை அளந்தார், ஒரே இடத்தில் துளைத்தார், வளைந்த கம்பியை விட்டுக் குமிழின் மிச்சத்தைத் தட்டிவிட்டார். தாழ் நகர்ந்தது. கதவு திறந்தது.

கட்டில், அலமாரி, இரண்டு பெட்டி, சக்கர நாற்காலியில் கண்டக்டர். பொருள்கள் எல்லாம் முந்தின நாளே கயிறு போட்டுக் கட்டப்பட்டு, மேலே துணியால் மூடப்பட்டிருந்தன. அழுகையும் ஒப்பாரியும் எதிர்பார்த்து எட்டிப் பார்த்தவர்களுக்கு ஏமாற்றம்தான். சாத்திய கதவுகளெல்லாம் இப்போது திறந்துகொண்டன. நியாயவான்கள் நாலு பேர் வந்து நாற்காலியோடு கண்டக்டரைத் தூக்கினார்கள், மற்றவர்கள் சாமான்களைக் கீழே இறக்கினார்கள்.

"மெதுவா," என்றார் கண்டக்டர். "படியில நிக்காதீங்க. உள்ள போங்க, உள்ள போங்க." பழக்க தோஷம். பாதிப் படியில் திரும்பிப் பூட்டுக்காரரைப் பார்த்தார். நன்றி எதுவும் சொல்லவில்லை. "ஏன்யா, இதை முதல்லயே சொல்லியிருந்தா வாத்தியோட பசை மிஞ்சியிருக்குமே."

பூட்டுக்காரர் அதற்குள் பழைய பூட்டைக் கழற்றி வெளியே எடுத்திருந்தார். அந்தக் கேள்வி முதுகில் விழுந்ததை மட்டும் உணர்ந்தார். பன்னிரண்டு வருஷத்தில் எத்தனை கதவு. எல்லோரையும் அடிமுட்டாள் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டிருந்த தன்னையும் அந்தப் புத்திசாலிகளின் வரிசையில் நிற்கவைக்க ஒரு முடவருக்கு ஒரே வாக்கியம் போதுமாக இருந்திருக்கிறது. எரிச்சலோடு உளியை எடுத்தார். புதுப் பூட்டு மயிரிழை பெரிது. மரத்தைச் செதுக்கி, பொருத்திப் பார்த்து, மறுபடி செதுக்கினார். எரிச்சல் வேறு, வேலை வேறு. மாப்பிள்ளைக்குப் போகிற பூட்டு என்பதற்காக அது கோணலாய் உட்காருவதை அவரால் சகிக்க முடியாது.

பன்னிரண்டு ஐந்துக்குக் கடைசித் திருகாணி இறங்கியது. சாவியைப் போட்டு மூன்று முறை பூட்டித் திறந்தார். கதவைச் சாத்திப் பூட்டினார்.

கோர்ட்டுக்காரர் எழுந்து கைக்குட்டையை உதறி மடித்தார். "சாவியை மாப்பிள்ளைகிட்டக் குடுங்க. பட்டியலெல்லாம் எழுதியாச்சு. அம்மா, தாள்ல முத்திரை போடணும். நான் சாப்பிட்டுட்டு ஆபீசுக்குப் போயி நிதானமாப் போட்டு வைக்கிறேன். நீங்க ஒரு நாலு மணிக்கு வந்து வாங்கிக்குங்க. அலைச்சல் வேணாம், பாவம்."

பூட்டுக்காரர் மூன்று சாவிகளையும் உள்ளங்கையில் வைத்து விரலை மூடினார்.

"அப்ப சாவியும் நாலு மணிக்கு."

"என்னங்க விளையாட்டு இது?" என்றார் மாப்பிள்ளை. "மூணு மணிக்குக் கண்ணாடி வருது. சுவரைச் சுத்தம் பண்ண ஆள் கீழ நிக்கிறான்."

"ஒப்படைப்பு முடிஞ்சாத்தான் சாவி. தாள்ல கையெழுத்தும் முத்திரையும் விழுந்தாத்தான் ஒப்படைப்பு. நான் சொல்லலைங்க, அவங்க கோப்புலயே எழுதியிருக்கு."

மாப்பிள்ளை கோர்ட்டுக்காரரைப் பார்த்தார். "சார், போட்டுக் குடுங்க சார். முத்திரை உங்க பையிலதானே இருக்கு. இப்பத்தானே அந்தப் பையில டீ டம்ளரை வெச்சீங்க."

கோர்ட்டுக்காரர் தன் இரக்க குணத்தை யாரும் புரிந்துகொள்ளவில்லை என்கிற முகத்தோடு பையைத் திறந்தார். டம்ளரை எடுத்து வைத்தார். முத்திரையை எடுத்து ஊதினார். தேதி எழுதினார், நேரம் எழுதினார், பெயரின் கடைசி எழுத்தைச் சுழித்துச் சுழித்து வால் நீட்டிக் கையெழுத்திட்டார். இவ்வளவும் முடிய ஆறு நிமிஷம். அத்தனை நேரமும் பூட்டுக்காரரின் கை மூடியே இருந்தது.

தாளை வாங்கியதும் அந்தப் பெண் அதை மடித்தாள்; ஓரத்தோடு ஓரம் பொருந்த ஒரே மடிப்பு. கீழே வாடகை வண்டியில் கண்டக்டரை ஏற்றியாகிவிட்டது. அவர் ஓட்டுநருக்குக் குறுக்கு வழி சொல்லிக்கொண்டிருப்பது மேலே வரை கேட்டது.

"ஆபீசுல எந்த ஜன்னல்ணே?" என்று கேட்டாள் அவள், முதல் படியில் நின்று.

"ரெண்டாவது. முதல் ஜன்னல்ல வரிசை பெருசா இருக்கும், அது விசாரிக்க. ரெண்டாவதுல யாரும் நிக்க மாட்டாங்க, மூடியிருக்கிற மாதிரி இருக்கும். தட்டுங்க. தொறக்கிற வரைக்கும் தட்டுங்க."

அவள் இறங்கி ஓடினாள். வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. மணி பன்னிரண்டு இருபது. பதினைந்து நிமிஷத் தூரம்.

மாப்பிள்ளை கையை நீட்டிக்கொண்டு நின்றார். பூட்டுக்காரர் விரல்களைத் திறந்து, வியர்வையில் நனைந்திருந்த மூன்று சாவிகளையும் வேட்டி முனையில் துடைத்தார். ஒவ்வொன்றாக அந்தப் பருத்த உள்ளங்கையில் வைத்தார்.

"மூணும் போகும். போட்டுப் பாத்துக்குங்க," என்றார்.